எரிக்கோவின் மதிலும் எமது லயங்களும்

எல்லயிலிருந்து வெல்லவாய ஊடாகச் சென்றால் புத்தல வரும். அங்கே 1980 முதல் பௌத்த விவசாயிகள் நடுவில், எவரையும் மதம் மாற்ற முனையாமல் வாழ்ந்தவர் அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ. 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர் வாசித்த அதே விவிலியத்தில்தான், எரிக்கோ நகரத்தார் முதியோர், சிறுவர் என்ற பேதமின்றி ஆண்டவர் பெயரால் வெட்டப்பட்டதாக யோசுவா 6ஆம் அதிகாரம் சொல்கிறது. இதை நாம் எப்படி வாசிப்பது?

இத்தகைய பகுதிகளை ஒதுக்காமல், அவை எழுந்த காலச் சூழலில் வைத்து, கிறிஸ்துவின் ஒளியில் படிக்கும்படி திருத்தந்தை 16ஆம் பெனடிக்ற் 2010இல் கேட்டுக்கொண்டார். 1950களில் எரிக்கோவை அகழ்ந்த கத்லீன் கென்யன், அம்மதில் யோசுவா காலத்துக்கு வெகு முன்பே அழிந்ததாகக் கண்டார். ஆகவே இதைப் போர்ச் செய்தியாகக் கொள்ளாமல், பிற்காலத்தவர் எழுதிய நம்பிக்கைக் கதையாக அறிஞர் பலர் கொள்கின்றனர்.

இயேசுவே வழிகாட்டுகிறார். நாசரேத்தில் எசாயாவின் ஏட்டை வாசித்தவர், பழிவாங்கும் நாளைச் சொல்லும் அடிக்கு முன்பே சுருளை மூடினார் (லூக்கா 4).

எமது தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் மாதா சொரூபமும் அருகருகே உள்ளன. செபக் கூட்டத்தில் எரிக்கோவைக் காட்டி அயலவரின் சாமியைப் பழித்தால், இன்று இடிந்து விழப்போவது கொழுந்து மலையில் ஒன்றாக நிற்கும் தொழிலாளரின் ஒற்றுமைதான். சுருளை எங்கே மூடுவதென்று நாமும் கற்றுக்கொள்வோம்.