விருப்பமும் வேலையில் நிலைப்பதும்

ஓர் இளைஞன் ஆலை வேலையில் நிலைப்பானா என்று முன்னரே அறிய வழியுண்டா? 1927-இல் ஸ்டிராங் என்னும் அமெரிக்க உளநூலார் விருப்பச் சோதனையொன்றை வெளியிட்டார். அது திறமையை அளப்பதன்று. ஒரு தொழிலில் நீடித்திருப்போரின் விருப்பு வெறுப்புகளோடு நம்முடையவை எவ்வளவு ஒத்துள்ளன என்று காட்டுவது. ஒப்புமை மிகுந்தால் விலகல் குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆயின் அவர் ஒப்பிட்டோர் பெரும்பாலும் வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர் போன்றோரே.

கல்வராயன் மலையடியில், கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. அரைவைப் பருவம் முடிந்தபின் பருவத் தொழிலாளர் வீடு திரும்புவது விருப்பக் குறைவாலா? மேலும், வேலை வேண்டி நிற்பவனிடம் “இயந்திரம் பிடிக்குமா?” என்றால் வேறென்ன சொல்வான்! பள்ளியில் கேட்டால் மெய் வரும்.

மலையூர் மாணவன் ஒருவன் என்னிடம், தேனெடுப்பதே விருப்பம் என்றான். பின்னர் ஓர் ஆலையின் கொதிகலன் பகுதியில் சேர்ந்தவன், தங்கையின் திருமணம் முடியும்வரை விலக நினைக்கவேயில்லை.