பாத்திரத்தின் அடியிலும் செடியின் இலையிலும் ஒரே வெள்ளை

தருமபுரி மாவட்டத்தில் போர் தண்ணீரைக் காய்ச்சும் வீடுகளில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஏறிவிடும். புளி போட்டுத் தேய்த்தால்தான் போகும். அதே தண்ணீரை மீன் தொட்டியில் நிரப்பி, ஹைட்ரில்லா என்கிற நீர்ச்செடியில் ஒரு கொத்தைப் போட்டு நல்ல வெளிச்சத்தில் வைத்தால், சில வாரங்களில் இலைகள் தொட்டதும் சொரசொரக்கும். அங்கே படிந்திருப்பதும் அதே கால்சியம் கார்பனேட்தான். அடுப்பு சூட்டால் செய்த வேலையைச் செடி வெளிச்சத்தால் செய்திருக்கிறது.

இந்தப் பக்கத்து நிலத்தடி பெரும்பாலும் கடினப் பாறை. மழைநீர் மண்ணில் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறை இடுக்குகளில் அது தேங்கி நிற்கும் காலத்தில் கனிமங்களைக் கரைக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வருவதற்குக் காரணமான ஃபுளோரைடும் பாறையிலிருந்து வந்ததுதான். கூடவே கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டும் வருகின்றன. இந்தப் பைகார்பனேட்டுக்குள்தான் மண்ணில் கரைந்த கார்பன் அடைபட்டிருக்கிறது.

தண்ணீருக்குள் வாழும் செடிக்குக் கார்பன் கிடைப்பது எளிதல்ல. வாயுக்கள் காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகின்றன. அதோடு, பிஎச் அளவு 8 உள்ள தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான் கார்பன் டை ஆக்சைடாக இருக்கும். மற்றதெல்லாம் ஏறக்குறைய பைகார்பனேட்.

ஹைட்ரில்லாவுக்கு அதை உடைக்கத் தெரியும். அதன் இலை இரண்டே செல் அடுக்கு கனம். கீழ் அடுக்கு அமிலத்தை வெளியே தள்ளுகிறது. இலையை ஒட்டிய தண்ணீரில் பைகார்பனேட் உடைந்து, கார்பன் டை ஆக்சைடு விடுபட்டு உள்ளே நுழைகிறது. மேல் அடுக்கு அதற்கு ஈடாகக் காரத்தை வெளியேற்றுகிறது. அந்தக் காரத்தன்மையில் கால்சியம் கரைந்திருக்க முடியாமல் கார்பனேட்டாகப் படிகிறது. வேலிஸ்நேரியா என்கிற நாடா இலைச் செடியும் பைகார்பனேட்டைப் பயன்படுத்தும்.

கடைகளில் ‘ஜாவா மாஸ்’ என்று விற்கும் பாசிக்கு இந்த வித்தை கைவராது. நீர்வாழ் மாஸ்கள் பெரும்பாலும் விடுபட்ட கார்பன் டை ஆக்சைடையே நம்பியிருக்கின்றன. கல்லில் நூலால் கட்டிவிட்ட மாஸ் போர் தண்ணீரில் ஆமை வேகத்தில் வளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மீன்கள் விடும் மூச்சும், தொட்டியடிக் கழிவு மக்கும்போது வரும் வாயுவும் அதற்குப் படியளக்கின்றன. மாஸால் வேறு பயன் உண்டு. குட்டி போடும் கப்பி தன் குட்டிகளையே தின்னும். மாஸ் புதருக்குள் புகுந்த குட்டிகள் தப்பிவிடும். அதன் இழைகளில் படியும் நுண்ணுயிர்ப் படலம் அவற்றுக்கு இரையும் ஆகும்.

நம் பள்ளி ஆய்வகங்களில் புனலுக்கடியில் குமிழி விட்டுக் காட்டும் ஹைட்ரில்லாவை விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திர போஸும் தேர்ந்தெடுத்தார். குமிழிகளைப் பதிவுசெய்யும் கருவியை அமைத்து, ஒளிச்சேர்க்கை பற்றிய நூலை 1924இல் வெளியிட்டார். கோடையில் எடுத்த செடியும் குளிர்காலத்தில் எடுத்த செடியும் ஒரே விதமாக இயங்கவில்லை என்பதை அவர் கவனித்தார். காரணம் வெகுகாலம் கழித்தே தெளிவானது. வெப்பமும் நெரிசலும் மிகுந்து கார்பன் அருகும்போது, ஹைட்ரில்லா, குறைந்த கார்பனையும் செறிவாக்கிப் பயன்படுத்த சோளமும் கரும்பும் கையாளும் சி4 முறைக்கு மாறிக்கொள்கிறது. சோளம் அதற்கென இரு வகைச் செல்களை வைத்திருக்கிறது; ஹைட்ரில்லா ஒரே செல்லுக்குள் முடித்துக்கொள்கிறது.

தொட்டியில் செடி வைத்தால் ஆக்ஸிஜன் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். லண்டன் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் தங்கமீன்களையும் வேலிஸ்நேரியாவையும் நத்தைகளையும் ஒரே தொட்டியில் வாழவைத்து, 1850இல் அந்தச் சமநிலையை விளக்கினார். சின்னத் தொட்டியில் அதற்கு இணையான உதவி அம்மோனியாவை உறிஞ்சுவது. மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. பிஎச் 7இல் அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 8இல் ஐந்து பங்கு, 9இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நச்சாகிவிடும். ஆகவே போர் தண்ணீர்த் தொட்டியில் அம்மோனியா கூடுதல் ஆபத்து. புதுத் தொட்டியில் பாக்டீரியாக்கள் பெருகி அதை நைட்ரேட்டாக மாற்றத் தொடங்கப் பல வாரங்கள் எடுக்கும். வேகமாக வளரும் செடி முதல் நாளிலிருந்தே அதை உணவாக்கிக்கொள்ளும்.

ஆனால் அதே செடி பகலில் கார்பனை இழுத்து பிஎச்சை ஏற்றிவிடும். இரவில் மீனோடு போட்டியிட்டு ஆக்ஸிஜனைச் சுவாசிக்கும். அதனால் செடி அடர்ந்த தொட்டியில் மீன் திணறுவது விடியற்காலையில்தான். இரவில் காற்று மோட்டாரை ஓடவிடுவதும், தொட்டியை நேர் வெயிலில் வைக்காமலிருப்பதும், பாதித் தொட்டிக்கு மேல் செடி போகாமல் கத்தரிப்பதும் போதும். கடினத் தண்ணீரை விரும்பும் கப்பியும் மோலியும் இந்த ஊர்த் தொட்டிக்குப் பொருத்தம். ஒகேனக்கல் திட்டக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் என்றால், குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்ற வேண்டும்.

கத்தரித்ததை எங்கே போடுவது என்பதும் முக்கியம். 1950களின் தொடக்கத்தில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குப் போன ஹைட்ரில்லா, அங்கே கால்வாய்களை அடைக்கும் களையானது. எளிதில் கிடைக்காத கார்பனையும் எடுத்துக்கொள்ளும் அதே திறமை அந்தப் பரவலுக்குத் துணைநின்றது. நம் ஏரிகளில் அது சொந்தச் செடி; கடையில் வாங்கும் கபோம்பா அப்படியல்ல. தொட்டியில் மிஞ்சிய எதையும் ஏரியிலோ வாய்க்காலிலோ விடாமல் பூந்தொட்டி மண்ணில் புதைத்தால், மீன் விட்ட நைட்ரஜன் உரமாகும்.