ஐந்து பெருமாளும் ஒரு தூக்குவாளியும்

ஊட்டி போனேன், மைசூர் போனேன் என்று தோழிகள் எழுதும்போது ஆசையாகப் படிப்பேன். நான் போய் வந்த ஊர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒன்று, பாலாற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிற திருமுக்கூடல்.

எனக்குப் பிறந்த ஊர் மணப்பாறை பக்கம். 2012ல் கல்யாணமாகி வாலாஜாபாத் வந்தேன். மாட்டுப் பொங்கல் வந்தால் என் மாமியாருக்கு திருமுக்கூடல் பார்வேட்டைக்குப் போயே ஆக வேண்டும். புளியோதரை, தயிர்சாதம் கட்டுவது என் வேலை. அதனாலேயே பொங்கலுக்கு நான் அம்மா வீட்டுப் பக்கம் போனதே இல்லை. 2016ல் அப்பா இறந்த பிறகு அம்மா தனியாகத்தான் பொங்கல் வைக்கிறாள். "பால் பொங்கிடுச்சும்மா" என்று போனில் சொல்வாள். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது.

2019ல் மனசு பொறுக்காமல் கேட்டே விட்டேன். "பெருமாள் வருஷா வருஷம் வர்றாரு. ஒரு வருஷம் நாம போகலைன்னா என்ன அத்தை?"

மாமியார் பதிலே சொல்லவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பையை எடுத்தேன்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பொங்கல் அன்று ராத்திரியே புறப்பட்டு, மறுநாள் பழையசீவரம் மலைக்கு வந்துவிடுவார். சாயங்காலம் அந்த ஊர் நரசிம்மரோடு பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் வருவார். காவாந்தண்டலத்திலிருந்தும் சாலவாக்கத்திலிருந்தும் பெருமாள்கள் வந்து சேர, உள்ளூர் வெங்கடேசப் பெருமாளோடு ஐந்து பேரையும் ஒரே இடத்தில் சேவிக்கலாம். செய்யாறும் வேகவதியும் பாலாற்றில் கலக்கிற இடம் என்பதால்தான் முக்கூடல். நான் பார்த்த வருஷங்களில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம். அந்த மணலில் கரும்புக் கட்டு, பொரி, பலூன், பஜ்ஜிக் கடை. ஊரே திரண்டிருக்கும்.

பெருமாள் வர நேரமிருந்ததால் கோவிலைச் சுற்றினோம். ஒரு வாத்தியார் பிள்ளைகளுக்குக் கல்வெட்டைக் காட்டிச் சொல்லிக் கொண்டிருந்தார். நானும் ஓரமாக நின்றுகொண்டேன். வீரராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது சுமார் 950 வருஷத்துக்கு முன்பே, இங்கே 15 படுக்கையோடு ஓர் ஆஸ்பத்திரி இருந்திருக்கிறது! வைத்தியர், அறுவை செய்கிறவர், மருந்து கொடுக்கப் பெண்கள் எல்லாம் உண்டாம். நோயாளி ஒருவருக்கு நாளைக்கு ஒரு நாழி அரிசி. கூடவே வேதம் படிக்கிற பிள்ளைகளுக்கு விடுதி, அவர்கள் சனிக்கிழமை தேய்த்துக் குளிக்க எண்ணெய் எல்லாம் கணக்குப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமாக வந்தும் இது எனக்குத் தெரியாது.

அதுவரை பேசாமலிருந்த மாமியார், "அரிசி குடுத்தாங்க சரி. படுத்துக் கிடக்கிறவளுக்குப் புளிப்பா ஒரு ரசம் வெச்சுக் குடுக்க யார் இருந்தாங்களோ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஆற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்தோம். எல்லோரும் வரதர் வரும் திசையைப் பார்த்துக் கொண்டிருக்க, மாமியார் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்துக் கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"சாலவாக்கம் பெருமாள் அந்தப் பக்கமாத்தான் வருவாரு. எங்கம்மா கூடவே நடந்து வரும்" என்றார்.

மாமியாருக்குப் பிறந்த ஊர் சாலவாக்கம். ஆற்றைத் தாண்டினால் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் அவருடைய மாமியார் பிறந்த வீட்டுக்கு அனுப்பவே மாட்டாராம். பெருமாளைப் பார்க்கப் போகிறேன் என்றால் மட்டும் யாராலும் தடுக்க முடியாது. அதனால் வருஷத்துக்கு ஒரு நாள், இந்த மணலில் வைத்துத்தான் அம்மாவும் பெண்ணும் பார்த்துக் கொள்வார்களாம். அம்மா தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கலும் மொச்சைக் குழம்பும் கொண்டு வருவாராம். "குழம்பு ஆறிப் போயிருக்கும். நான் சாப்பிடுறதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கும். அது போய் இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. ஆனா இன்னிக்கு வீட்ல உக்காந்திருந்தா மனசு கேக்க மாட்டேங்குது."

நான் என்ன சொல்ல? காலையில் கேட்ட கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. புளியோதரையைப் பிரித்து அவர் கையில் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றார். அப்புறம், "அடுத்த வருஷம் உங்கம்மாவ இங்க வரச் சொல்லு. பொங்கலன்னிக்கு ஏன் அது மட்டும் தனியா கிடக்கணும்" என்றார்.

2020 பொங்கலுக்கு முதல் நாளே, பஸ் மாறி பஸ் ஏறி அம்மா வந்து சேர்ந்தாள். கையில் ஒரு டின் நிறைய மணப்பாறை முறுக்கு. மாட்டுப் பொங்கல் அன்று விடியற்காலையில் மாமியார் என்னை அடுப்பங்கரையில் விடவில்லை. மொச்சைக் குழம்பை அவரே வைத்துத் தூக்குவாளியில் ஊற்றிக் கொண்டார்.

மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தோம். "சம்பந்தியம்மா, நாங்க மொச்சைய தோல் உரிச்சுத்தான் போடுவோம்" என்று அம்மா ஆரம்பித்தாள். "உரிச்சா அதுல என்ன ருசி இருக்கு?" என்று மாமியார் விடவில்லை. முறுக்கை நொறுக்கிக் குழம்பில் தொட்டுக்கொண்டே ஐந்து பெருமாளும் வந்து சேருகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசித் தீர்த்தார்கள். நீ சாப்பிட்டியா என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை!

- ஒரு வாசகி, வாலாஜாபாத்.