டூட்டூ: இடுப்பில் ஒரு கேன்டிலீவர்

பாலே ஆடுபவரின் இடுப்பைச் சுற்றி தட்டு மாதிரி விரிஞ்சு நிக்குமே, அந்தப் பாவாடைக்குப் பேர் டூட்டூ. நம்ம பாஷையில சொன்னா அது ஒரு கேன்டிலீவர்: ஒரு முனை இடுப்பில், மறுமுனை அந்தரத்தில்.

விறைப்பான வலைத்துணி, பத்துப் பன்னிரண்டு அடுக்கு. அடியில் குட்டை, மேலே போகப் போக அகலம். கீழ் அடுக்கு மேல் அடுக்கைத் தாங்கும். நடு அடுக்கு ஒன்றில் பெரும்பாலும் மெல்லிய எஃகு வளையம் இருக்கும். அடுக்குகளைச் சேர்க்கும் கைத்தையலை மட்டும் லூசாத்தான் போடணும். இழுத்துத் தைச்சா வலை சுருங்கி, தட்டு மேடுபள்ளமாயிடும்.

உண்மையான சவால் மேல்சட்டைதான். ஜோடி ஆடுபவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கும்போது துணி நகர்ந்தா ஆபத்து; அதுக்காக இறுக்கினா மூச்சு முட்டும். தீர்வு துணியின் திசையிலேயே இருக்கு. நூல் ஓடும் திசையில் இழுத்தா துணி நீளாது. 45 டிகிரி சாய்வில் இழுத்தா கொஞ்சம் நீளும். அதனால முன்துண்டுகளை நேர் இழையிலும், விலாப்பக்கத் துண்டுகளைக் கிராஸாகவும் வெட்டுறாங்க. விலா விரியும், சட்டை நகராது.

முதுகில் ஹூக் மாட்ட இரண்டு மூன்று வரிசை வைப்பாங்க; உடம்பு மாறினாலும், ஆளே மாறினாலும் அதே டூட்டூ பொருந்தும். ஆடி முடிச்சதும் தலைகீழாத் தொங்கவிடணும். நேரா மாட்டினா, அடுக்கெல்லாம் தன் எடையிலேயே தொய்ஞ்சு போகும்.