கண்ணுக்குக் கீழே கருவளையம்

லண்டனில் படிக்கும் என் அண்ணன் மகள் விடுமுறைக்கு மைசூர் வந்தபோது, பெட்டியில் ஓர் ஊசி மருந்து இருந்தது. "அத்தை, முகம் முழுக்கக் கறுத்துவிட்டால் கருவளையம் தெரியாதாம்" என்றாள். எனக்குப் பகீரென்றது.

அது மெலனோட்டான்-2. அமெரிக்காவின் அரிஸோனா பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பிறந்தது. வெயில் படாமலே மேனியைக் கறுக்கச் செய்யும். 2007-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. பிரிட்டனில் இதை விற்பதே சட்டவிரோதம். குமட்டல் வரும், மச்சங்கள் கறுத்து உருமாறும். கண்ணடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கறுக்க வைக்க ஊசிக்குத் தெரியுமா? அங்கேயும்தானே கறுக்கும்!

இங்கே நாம் 1975 முதல் சிவப்பழகு க்ரீம் பூசுகிறோம். அங்கே கறுக்க ஊசி. இக்கரைக்கு அக்கரை பச்சை!

மறுநாளே அவளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 தான்; பெண்களுக்கு 12 வேண்டும். சோகையால் முகம் வெளுத்து, வளையம் எடுப்பாகத் தெரிந்திருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை, கீரை, நேரத்துக்குத் தூக்கம். மூன்று மாதத்தில் முகம் தெளிந்தது. வளையம் முழுதும் போகவில்லை. அது என் அம்மா வழிச் சொத்து, எனக்கும் உண்டு.

சகோதரிகளே, ஊசியைத் தேடுமுன் ரத்தத்தைப் பாருங்கள்.