கன்ஸ்யூமர் கோர்ட்டில் கேஸ் போட எவ்வளவு செலவாகும்? ரூ.5 லட்சம் வரை கட்டணமே இல்லை.. ஆனால்!

22 ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய வாஷிங் மெஷின் நாலே மாசத்தில் நின்று போகிறது. கடையில் கேட்டால் "கம்பெனியைக் கேளுங்க" என்கிறார்கள். கம்பெனியைக் கேட்டால் "வாரண்டியில் வராது" என்று பதில். கேஸ் போடலாமா என்று யோசிக்கும்போதே, "பொருளோட விலையைவிட வக்கீல் ஃபீஸ் ஜாஸ்தி ஆகும்" என்று பக்கத்தில் ஒருவர் சொல்ல, பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கு பாதிதான் சரி.

கட்டணம் எவ்வளவு?

மக்கள் கன்ஸ்யூமர் கோர்ட் என்று சொல்லும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் கட்டணம் ஒரு பைசா கூட கிடையாது. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். அதற்கு மேல் போனால் மாநில ஆணையம். ஃப்ரிட்ஜ், மொபைல், டூவீலர், கோச்சிங் சென்டர் ஃபீஸ் என்று பெரும்பாலான சண்டைகள் அந்த ஜீரோ கணக்கிலேயே அடங்கிவிடும்.

இதில் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. 2019 சட்டப்படி, பொருளுக்குக் கொடுத்த பணம்தான் கணக்கு. கேட்கும் நஷ்டஈடு கணக்கில் வராது. 22 ஆயிரம் ரூபாய் மெஷினுக்கு மன உளைச்சலுக்காக ஒரு லட்சம் கேட்டாலும் கட்டணம் கூடாது. அதற்காக கோடிகளில் கேட்டு வைப்பதில் பலன் இல்லை. எவ்வளவு நியாயம் என்று முடிவு செய்வது ஆணையம்தான்.

அப்போ காசு எங்கே போகுது?

வக்கீல் வைத்தே ஆகணும் என்று சட்டம் சொல்லவில்லை. புகார்தாரரே நேரில் வாதாடலாம். பில், வாரண்டி கார்டு, சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிய மெயில், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் தேதி வாரியாக இருந்தால் சின்ன வழக்குகளுக்கு அதுவே பெரிய பலம். செலவு என்று பார்த்தால் டைப்பிங், ஜெராக்ஸ், பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப ஸ்பீட் போஸ்ட். கடை, கம்பெனி என இரண்டு பேர் மீது புகார் என்றால் ஆளுக்கு ஒரு செட் நகல் வேண்டும், ஜெராக்ஸ் செலவும் அதற்கேற்ப ஏறும்.

நிஜமான செலவு நேரம்தான். எதிர்தரப்பு நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் அவகாசம் தரலாம். பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பல வழக்குகள் வருஷக்கணக்கில் வாய்தாவில் ஓடுகின்றன. மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வாய்தா என்பது ஒரு லீவு. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது அன்றைய வருமானமே. ஜீரோ கட்டணம் என்று விளம்பரப்படுத்துபவர்கள் இதைச் சொல்வதில்லை.

இதைக் குறைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்கு போடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் குருகிராமில் இருந்தாலும் திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே புகார் கொடுக்கலாம். இன்னொன்று, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனில் புகார் பதிவு செய்யலாம். வீடியோ கான்ஃபரன்ஸ் மூலம் ஆஜராகவும் ஆணையத்திடம் மனு கொடுத்துக் கேட்கலாம். ஜெயித்தால் வழக்குச் செலவையும் சேர்த்துத் தரச் சொல்லி உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் செலவுத் தொகையையும் புகாரிலேயே மறக்காமல் கேட்டுவிட வேண்டும்.

பிரச்சனை நடந்து 2 வருஷத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். "இந்த வாரம் பார்த்துடறோம் சார்" என்ற பதிலை நம்பி அதைக் கோட்டை விடுபவர்கள் நிறைய. கேஸுக்கு முன்னாடி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம், அங்கேயே முடிந்துபோகும் விவகாரங்களும் உண்டு.

கைமாத்து கொடுத்த பணம்?

நண்பருக்குக் கொடுத்த 80 ஆயிரம் ரூபாய் திரும்பி வரவில்லை என்றால் கன்ஸ்யூமர் கோர்ட்டில் வேலை இல்லை. அது சிவில் வழக்கு. தமிழ்நாட்டில் பண வசூல் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம், கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017க்கு முன் இது 7.5 சதவீதமாக இருந்தது. ஆக 80 ஆயிரத்துக்கு 2,400 ரூபாய். சம்மன் அனுப்ப பேட்டா, வக்கீல் ஃபீஸ் எல்லாம் தனி. தீர்ப்பு வந்த பிறகும் எதிராளி பணம் தராவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும், அதற்கும் செலவு இருக்கிறது. கடன் கொடுத்து 3 வருஷத்துக்குள் வழக்கு போட வேண்டும் என்பதும் முக்கியம்.

இங்கே மலிவான வழி லோக் அதாலத். வழக்கு போடும் முன்பே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. ஏற்கனவே கோர்ட்டில் இருக்கும் வழக்கு லோக் அதாலத்தில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த உத்தரவுக்கு அப்பீல் கிடையாது, கையெழுத்துப் போடும் முன் தொகையையும் தவணையையும் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்கணும்.

பெண்கள், பட்டியலின, பழங்குடியின மக்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு. இதற்கான உதவி எண் 15100.