என் பெண் நர்ஸ் ஆகிறாள்

"நர்ஸ் படிப்பா? வேற படிப்பே கிடைக்கலையா உன் பொண்ணுக்கு?" என்று என் நாத்தனார் கேட்டபோது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மனசிலும் அதே கேள்விதானே இருந்தது!

பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் என் மகள் தானே போய் ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டு வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். சம்பளம் கிடையாது. எழுதத் தெரியாதவர்களுக்கு ஓ.பி. சீட்டு எழுதிக் கொடுப்பது, முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது, இப்படி எடுபிடி வேலைகள். வீட்டில் குடித்த டம்ளரை எடுத்து வைக்காத பெண், அங்கே ஒரு பாட்டிக்குத் தலைவாரிப் பின்னி விட்டாளாம். நம்ப முடிகிறதா?

பிறகு பி.எஸ்ஸி. நர்சிங். நான்கு வருஷப் படிப்பு. இரண்டாம் வருஷம் ஒருநாள் வார்டிலிருந்து வந்தவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "நேத்து வரைக்கும் என்னை பேத்தின்னு கூப்பிட்ட தாத்தாம்மா... இன்னிக்கு நான்தான் துணி போர்த்தினேன். என்னால முடியாது, விட்டுடறேன்" என்றாள். உள்ளதைச் சொல்கிறேன், இந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது "சரி, விட்டுடு" என்று சொல்ல மனசு வரவில்லை. ரசம் சாதம் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலை, யாரும் சொல்லாமலே யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வருஷம் கிராமத்துக்கு அனுப்பினார்கள். வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு வீட்டில் எட்டு மாசக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று பாட்டி பாலையும் நிறுத்தியிருக்கிறாள். நம் வீடுகளிலும் நடப்பதுதானே? இவளும் கூட வந்த டீச்சரும் கெஞ்சிக் கூத்தாடி உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினார்கள். வாந்தி எடுத்ததும் பாட்டி கத்தினாளாம். பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுத்தார்கள். தாய்ப்பாலும் கொடுக்கச் சொன்னார்கள். சாயந்திரம் குழந்தை மூத்திரம் போனதும்தான் இவளுக்கு மூச்சு வந்ததாம்.

அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவள் குழந்தையாக இருந்தபோது, பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலந்து கொடுத்தவள் நான்! அது தப்பாம். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுப் பொடியையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடவே கூடாது. குழந்தை துவண்டு கிடந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்தக் கரைசலின் மகிமையை உலகத்துக்குக் காட்டியவர் கல்கத்தா டாக்டர் திலீப் மகலானபிஸ். 1971-ல் வங்காளதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது சலைன் பாட்டில் தீர்ந்துபோக, உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்து பீப்பாயில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியதாம். 2023-ல், அவர் காலமான பிறகு, பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

இப்போது கடைசி வருஷப் பயிற்சி. நைட் டியூட்டி வந்தால் எனக்கும் தூக்கம் போச்சு. பிளாஸ்கில் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, வாசல் விளக்கை அணைக்காமல் படுப்பேன்.

போன மாசம் நாத்தனார் வந்திருந்தாள். சர்க்கரை ஏறி, இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்களாம். என் பெண்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே இடத்தில் குத்தாமல் வயிற்றில் இடம் மாற்றி மாற்றிப் போடுவது எப்படி என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தாள். படிப்பைப் பற்றி நாத்தனார் வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "நாளைக்கு இவளுக்கு எந்த டியூட்டி?" என்று கேட்டுக்கொண்டு போனாள்.